எட்டுப் பேரும் இரண்டு கயிறும்

அன்று காலை சிதம்பரத்து மண்டபத்தில், சமையல் ஆட்களை விட்டால், இருந்தவர்கள்: மண்டபத்து முதலாளி, அவருடைய மேனேஜர், மேடை அலங்காரக்காரர்கள் நாலு பேர், பெண் வீட்டிலிருந்து மண்டபத்தைப் பார்க்க வந்திருந்த பெரிய அத்தை, என்னோடு சுவரில் படம் வரையும் வசந்தி, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலாளியின் மகன், சென்னையில் ஆர்க்கிடெக்ட். மண்டபச் சுவரில் படம் வரைய எங்களைப் பிடித்தவரும் அவர்தான், ஸ்கெட்ச்சைப் பார்த்து ஒப்புதல் சொன்னவரும் அவர்தான், அன்று முழுக்கப் போனை எடுக்காதவரும் அவர்தான். இன்னொருவர் என் அப்பா. கரையில் வலை இழுக்க ஆள் குறைவு என்று வரவில்லை. சுவரில் நான் வரைந்திருந்த எட்டுப் பேரில் அவர் மூன்றாவது ஆள்.

இந்த வருஷம் செம்மண்டலத்தில் இருக்கும் நம் ஓவிய அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் சாரத்தில் ஏறி அண்ணாந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சுவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்தாறு வயதில் ஓய்வா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் கழுத்துக்கும் நாள் வரும். பட்டி பார்ப்பது, நூல் அடிப்பது, கலர் கலப்பது எல்லாம் வசந்தி சொல்லித்தருவாள். நெல்லிக்குப்பத்தில் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தவள், உங்களையும் என்னையும் விட நேராகக் கோடு போடுவாள்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் குறிஞ்சிப்பாடி பள்ளிக்கூடத்துச் சுவரில் நீங்கள் செய்த காரியம். நீங்கள் வரைந்ததை ஹெட்மாஸ்டர் வந்து பார்த்து, “இது என்னா தம்பி, பூரானா?” என்று கேட்டாராம். நீங்கள் அவரை வெயிலில் நிறுத்தி அரை மணி நேரம் விளக்கம் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஏனென்றால் இதே அரை மணி நேரத்தை நானும் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா கரைவலை இழுப்பவர். படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும். அதன் இரண்டு கயிறும் கரையில் இரண்டு கட்சி ஆட்களிடம் இருக்கும். ஒரு கட்சிக்கும் இன்னொரு கட்சிக்கும் நடுவே கூப்பிட்டால் கேட்காத தூரம். பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கட்சியும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். கடைசியில் இரண்டு கயிறும் சேருகிற இடத்தில் மீன் கிடக்கும் பை, அதாவது மடி, மணலில் ஏறும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். விடுமுறையில் கரைக்குப் போனால் இழுக்கக் கூப்பிட மாட்டார்கள், கை கெட்டுவிடுமாம். அதனால் உட்கார்ந்து வரைந்தேன்.

அப்படி வரையும்போது கண்டுபிடித்தது ஒன்று. முகத்தை எடுத்துவிடலாம். விரல், லுங்கி, தலைத்துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஒரு ஆள் எத்தனை சாய்கிறான், எந்தக் காலை முன்னே கொடுக்கிறான் என்கிற அந்தச் சாய்வை மட்டும் விட்டுவைத்தாலே போதும், அது யார் என்று தெரிந்துவிடுகிறது. இன்னும் ஒரு படி எடுத்தால் ஆள் போய்விடுவான், வெறும் கோடுதான் மிஞ்சும். அந்த ஒரு படிக்கு முன்னால் நிறுத்துவதுதான் வேலை. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு படியில்தான் நிற்கிறேன். “படத்த எப்பதாண்டா முடிப்ப?” என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.

சிதம்பரத்து மண்டபத்தில் வரவேற்புக் கூடத்துச் சுவர், வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிவது. மண்டபச் சுவர் என்றால் கிருஷ்ணர் இருப்பார், யானை இருக்கும், மயில் கட்டாயம் இருக்கும். வலை இழுக்கிறவனை எந்த மண்டபத்திலும் நான் பார்த்ததில்லை. ஆர்க்கிடெக்ட் தம்பி ஸ்கெட்ச்சைப் பார்த்து, “இதான் வேணும்” என்றார். அன்றைக்கே அப்பாவிடம் போய், சிதம்பரத்தில் பெரிய மண்டபத்தில் உன்னை வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ‘கரைவலை’ என்று பெயர் வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றையும் என் செலவில் செய்து வைத்தேன். சுவருக்கு முன்பே தகடு தயாராகிவிட்டது. இதைப் படிக்கும்போதே புத்தி வர வேண்டும் உங்களுக்கு.

ஸ்கெட்ச்சில் இரண்டு கயிறும் இடது ஓரத்தில் நன்றாக விலகித் தொடங்கி, வலது கோடியில் ஒன்று சேர்ந்தன. சாரம் கட்டிய பிறகு பார்த்தால் கூடத்துக்குப் பொய்க் கூரை போட்டிருந்தார்கள். சுவரில் நாலடி காணாமல் போயிருந்தது. வலது கோடியில், கயிறு சேரவேண்டிய இடத்தில், ஏசிப் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. இதெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டால் மேனேஜர், “நீங்க கேக்கலியே” என்றார். என்ன செய்வது? மேல் கயிற்றைக் கீழே இறக்கி, கீழ்க் கயிற்றை மேலே ஏற்றி, இரண்டையும் நெருக்கமாக நேராக ஓடவிட்டேன். சேருமிடத்தை வெட்டிவிட்டேன். மடியைக் காட்டாமல் விட்டால் படம் இன்னும் ஆழமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிறுகளுக்கு நடுவே இழுவிசையைக் காட்டக் குறுக்குக் கோடுகள் போட்டேன். வசந்தி கீழே நின்று, “அண்ணா, ரொம்ப நெருக்கமா இருக்குதுண்ணா” என்றாள். நான் அவளுக்கு ஓவியத்தில் வெளி என்றால் என்ன என்று வகுப்பு எடுத்தேன். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் அந்த மண்டபத்தின் முதல் கல்யாணம்; அவிழ்த்த சாரத்தை வண்டியில் அனுப்ப நாங்களும் வந்திருந்தோம். மாலை வரவேற்பு, ஐந்து மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. காலை ஒன்பதுக்கே பெண்ணின் பெரிய அத்தை வந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சரி என்றால்தான் சாப்பாட்டில் உப்பே விழும் என்று மேனேஜர் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். அப்படியே நின்றார். மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“யாருங்க இத எழுதுனது? இந்தாண்ட நாலு பேரு, அந்தாண்ட நாலு பேரு, நடுவுல ரெண்டு மூங்கி. கல்யாண ஊட்ல வைக்கிற படமா இது?”

அன்று முழுக்க அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் இங்கே எழுதிவிடுகிறேன், இது கல்யாண வீடில்லை. பாடை. அவர் சொன்ன நொடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நீள மூங்கில், குறுக்கே கட்டிய சிம்புகள், இருபக்கமும் தூக்குகிற ஆட்கள். எனக்கும் தெரிந்தது. அதுதான் கொடுமை. பதினோரு நாள் அதன்மேல் ஏறி நின்று வேலை செய்தவன் நான்.

சரி, தெரிந்துவிட்டதே, ஒப்புக்கொண்டு ஏதாவது செய்தேனா? இல்லை. விளக்கினேன். இது உருவமும் அல்ல, உருவமில்லாததும் அல்ல, உடம்புக்குள் ஒளிந்திருக்கும் அமைப்பு என்றேன். சாய்வு, விசை, வெளி என்றேன். படித்தவன் அல்லவா. அத்தை முதலாளியைப் பார்த்து, “இந்தப் புள்ள என்னா சொல்லுது?” என்றார். நான் பேசப் பேசக் கூட்டம் சேர்ந்தது. அலங்காரக்காரர்கள் வந்தார்கள், சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் விரலை நீட்டி நாலும் நாலும் எட்டு என்று எண்ணினான். அரை மணி நேர விளக்கத்தின் பலன், ஐந்து பேருக்குத் தெரிந்தது முப்பது பேருக்குத் தெரிந்தது.

முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். சத்தம் போடவில்லை. “தம்பி, எம்மகன் படிச்சவன், நீங்க படிச்சவங்க, நான் ஒண்ணும் சொல்லல. நாலு மணி வரிக்கும் டைம். அதுக்குள்ள அந்தம்மா வாயால நல்ல வார்த்த வரணும். இல்லன்னா வெள்ள அடிச்சிட்டுப் போயினே இருப்பேன்.” தம்பிக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அதன்பின் பதினாலு தடவை போட்டேன்.

இங்கேதான் நான் செய்த பெரிய மடத்தனம். இவர்களுக்கு ஆள் தெரியவில்லை, அதனால்தான் கண்டதெல்லாம் தெரிகிறது. ஆளைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு வருஷமாக எடுத்து எடுத்துப் போட்டதையெல்லாம் ஏணியில் ஏறி இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஒட்டினேன். எட்டுப் பேருக்கும் முகம். வெயிலில் இழுக்கிறவர்கள் அல்லவா, புருவத்தைச் சுருக்கிப் பல்லைக் கடித்த முகம். எட்டுப் பேருக்கும் தலையில் துண்டு. வசந்தி வேண்டாம் வேண்டாம் என்றாள். எனக்குக் கை ஓடிக்கொண்டிருந்தது, காது ஓடவில்லை.

பதினொன்றரைக்கு மேனேஜர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “முன்ன சும்மா தூக்கினு போனாங்க, இப்ப அழுதுகினே தூக்கினு போறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனவர் சும்மா இல்லை, தாமாகவே ஒரு யோசனை செய்து அலங்காரக்காரர்களிடம் மிச்சமிருந்த துணியை வாங்கி வந்து சுவர் முழுக்க மூடிவிட்டார். மூடட்டும், இன்று மட்டும் தப்பித்தால் போதும் என்று நானும் பேசாமல் இருந்தேன். துணி என்ன நிறம் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“வெள்ளத் துணியப் போட்டு மூடிட்டீங்களா,” என்றார். “மால ஒண்ணுதான் பாக்கி.”

அவர் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனார். முதலாளி வெள்ளை அடிக்க ஆள் கூப்பிடச் சொன்னார். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சுண்ணாம்புக்குக் கீழே என் அப்பா போகப்போகிறார், அவரிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. வசந்தி யாரையும் கேட்காமல் துணியை உருவிப் போட்டாள். “வெள்ளையடிக்கிற ஆளு சாப்ட்டு வர ரெண்டு மணி ஆவும், எழுந்திரிங்க” என்றாள். எழுந்திருப்பது சரி, எழுந்து என்ன செய்வது?

அந்த நேரத்தில் சாரக் கம்புகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக என் தங்கை வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டியோடு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வண்டி வாங்கி ஓட்டினாலும் அவரும் கரையில் இழுத்தவர்தான். கம்பைத் தோளில் வைத்தபடி சுவரைப் பார்த்தார்.

“மச்சான், இது கரவலையா?”

“ஆமா மாப்ள.”

“ரெண்டு கயிறும் சேரவே இல்லியே. சேராம என்னிக்கு மடி கரைக்கு வந்துச்சு? இப்டி நேரா இழுத்துகினே போனா, இவனுங்க பாண்டிச்சேரிக்குத்தான் போவணும்.”

சொல்லிவிட்டுக் கம்பை வண்டியில் போடப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு கேலி. நான் எழுந்து போய்க் கயிறுகளைப் பார்த்தேன். ஆளுக்குள் இருக்கும் அமைப்பைத் தேடுகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவன், கயிற்றின் அமைப்பை ஏசிப் பெட்டிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறேன். அந்த எட்டுப் பேரின் சாய்வுக்கு அர்த்தம் கொடுத்ததே கயிறு சேருகிற அந்த இடம்தான். அதை எடுத்த பிறகு அவர்கள் எதை வேண்டுமானாலும் செய்துகொண்டிருக்கலாம். மூங்கில் தூக்கலாம், பாண்டிச்சேரி போகலாம். முகத்தை ஒட்டி அதைச் சரிசெய்ய முடியாது. ஒருவருக்குத் தவறாகத் தெரிகிறது என்றால் மேலே எதையும் ஒட்டாதீர்கள். அடியில் என்ன வளைந்துபோயிருக்கிறது என்று பாருங்கள். பூரான் என்றார் அல்லவா உங்கள் ஹெட்மாஸ்டர்? போய் அந்தச் சுவரை வாசலில் நின்று பாருங்கள். பூரான்தான் அது. நான் பார்த்துவிட்டு வந்தேன்.

மணி ஒன்று. தங்கை வீட்டுக்காரரை நிறுத்திச் சாரத்தைத் திரும்பக் கட்டச் சொன்னோம். திட்டிக்கொண்டே கட்டினார். எட்டு முகத்தையும் மணல் நிறத்தால் அழித்தேன். அழிக்கும்போது வருத்தமாக இல்லை, முகம் கழுவுவது போல இருந்தது. குறுக்குக் கோடுகளையும் அழித்தோம். வசந்தி நூல் பிடித்தாள். இடது ஓரத்தில் கீழ்க் கயிற்றைத் தரையோடு தரையாக இறக்கி, அங்கிருந்து சுவர் முழுக்கச் சாய்வாக ஏற்றி, ஏசிப் பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் மேல் கயிற்றோடு சேர்த்தாள். மடிக்கு இடமில்லை. சேர்ந்த கயிறு பெட்டிக்குப் பின்னால் போய் மறைவது போல விட்டோம். கீழே நின்ற நாலு பேரையும் புதுக் கயிற்றுக்கு ஏற்ப இறக்கி வரைய வேண்டியிருந்தது. அப்பா மேல் வரிசை, அவர் தப்பித்தார். வெள்ளையடிக்கிறவர் சொன்னபடியே இரண்டு மணிக்கு வந்துவிட்டார். முதலாளி கொடுத்த நாலு மணிக் கெடு முடியாததால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, எந்த இடத்தில் கலர் காயவில்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அவரை வாசலிலேயே நிற்கச் சொன்னேன், காலையில் நின்ற அதே இடத்தில். முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை இடமிருந்து வலமாகக் கயிற்றின் கூடவே கண்ணைக் கொண்டுபோனார். ஏசிப் பெட்டி வரை போய் நின்றார். முகம் தளர்ந்தது.

“தேர் இழுக்குறாங்க,” என்றார். “இத மொதல்லயே எழுதியிருக்கலாம் இல்ல? வடம் புடிக்கிறது எம்மாம் நல்லாருக்குது.”

முதலாளிக்கு உயிர் வந்தது. தேருதான், தேருதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சிதம்பரத்தில் பிறந்தவர்களுக்கு, எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தால் வேறென்ன தெரியும்? அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். இது தேர் இல்லை, அவர்கள் பக்தர்கள் இல்லை, அந்த மூன்றாவது ஆள் என் அப்பா, பெட்டிக்குப் பின்னால் இருப்பது கடல் என்று எல்லாமே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வசந்தி ஐந்து ஈர பிரஷ்ஷை என் கையில் திணித்தாள்.

“அண்ணா, கழுவினு வாங்க. இப்பவே.”

போய்க் கழுவினேன். அதை இன்றுவரை சரி என்றும் சொல்ல மாட்டேன், தப்பு என்றும் சொல்ல மாட்டேன். குழாயடியில் நிற்கும்போது எரிச்சல் எரிச்சலாக வந்தது. அத்தைமேல் இல்லை. காலையில் அவர் உண்மையைத்தான் சொன்னார், என் சுவரில் இருந்ததைச் சொன்னார். மாலையில் சொன்னதும் சுவரில் இல்லாதது இல்லை. என் கோபம் வேறு. கயிறு சேரும் இடத்தை முதலிலேயே விடாமல் பிடித்திருந்தால், மடிக்கு நாலடி கேட்டுச் சண்டை போட்டிருந்தால், அவர் ஒருவேளை கடலைப் பார்த்திருப்பார். கேட்காமல் விட்டவன் நான். ஆர்க்கிடெக்ட் தம்பி ஏழு மணிக்குக் கூப்பிட்டு, மீட்டிங்கில் இருந்ததாகச் சொன்னார். அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டைவிரல் போட்டார். உள்ளங்கை அளவு போன் திரையில் பாடையும் தெரியாது, தேரும் தெரியாது. கட்டைவிரலை நம்பி ஒரு சுவரையும் முடிக்காதீர்கள். பாதி வேலையில் ஒரு அத்தையைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார்.

தகடு விஷயம் பாக்கி. கடைசித் தவணையை வாங்கப் போனபோது முதலாளி புதுத் தகடு ஒன்றைப் பதித்துவிட்டிருந்தார். ‘தேர்த் திருவிழா’. நல்ல கனமான பித்தளை. அதன் செலவு ஆயிரத்து எண்ணூற்றைம்பதை எங்கள் கூலியில் பிடித்துக்கொண்டார். பெயரைத் தப்பாக வெட்டியது நாங்கள்தானே என்றார். பதிக்கச் சொல்லி நான் கொடுத்திருந்த தகட்டைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். நம் அறையில் ஜன்னல் சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோமே, அதுதான்.

மூன்று மாதம் கழித்து அப்பாவை அழைத்துப்போனேன். இனியும் சாக்குச் சொல்ல முடியவில்லை. கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேட்டியை நீவிவிட்டுக்கொண்டே வந்தார். மண்டபம் காலியாக இருந்தது. வாட்ச்மேன் லைட்டைப் போட்டார். அப்பா அத்தை நின்ற இடத்தில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் விரலை நீட்டினார். “அது பழனி. அவன் காலு அப்டித்தான் வளையும்.” அடுத்து ஒருவரைச் சொன்னார், அது சரி. மூன்றாவதில் விரல் நின்றது. இருமினார். “இன்னும் கொஞ்சம் சாஞ்சு இழுப்பேன் நானு,” என்றார். கீழ் வரிசையைப் பார்த்து, “இந்தக் கட்சிக்காரனுவோ தூங்குறானுவோ” என்றார். அவசரத்தில் மாற்றி வரைந்த நாலு பேர். ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

கிட்டே போய் ஏசிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். கீழே இருந்த தகட்டைப் பார்த்தார். குனிந்து வெட்டெழுத்தின்மேல் விரலை ஓட்டினார், கயிற்றின் முறுக்கைப் பார்ப்பதுபோல.

“என்னா எழுதியிருக்குது?”

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார்.

“கரவலைன்னு எழுதியிருக்குதுப்பா.”

தலையாட்டினார். நகத்தால் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

“பித்தளையா? எவ்ளோ ஆச்சு?”

“ஆயிரத்து எண்ணூத்தி அம்பது.”